கதவுக்கு வெளியே நின்றவள்

— இன்னும் என்னடி பண்றே உள்ள? நீச்சல் உடை மாத்தப் போனியா, இல்ல தறி போட்டு நெய்யப் போனியா?

— வர்றேன்க்கா. அவசரப்படுத்தாதே.

— பொம்பளைங்க நேரம் முடிஞ்சிடும். அந்தப் பயிற்சிக்காரம்மா வேற விசில் ஊதி ஊதியே என்னைச் செவிடாக்கிடும்.

— அக்கா... வீட்டுக்குப் போயிடலாமா?

— ஆரம்பிச்சிட்டியா பழைய பாட்டை? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த கை வீக்கம் வத்தணும்னா தண்ணியில அசைக்கணும்னு சொன்னாங்களா இல்லையா?

— வீங்கினா வீங்கட்டும். மானம் போறதுக்கு அது தேவலை.

— இப்ப என்ன மானம் போச்சு?

— தெரியாத மாதிரி கேக்காதே. போன தடவை பெஞ்சுல உக்காந்து நீயும்தானே பார்த்தே. மார்பு இருந்த இடத்துல வச்ச பஞ்சு நழுவி, படகு மாதிரி மிதந்து போச்சு. ஒரு வாண்டு அதைத் தூக்கிப் பிடிச்சு, ‘இது யாரோடது, யாரோடது’ன்னு கூவுது. எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னோடதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— அதுங்களுக்கு என்னடி தெரியும்? ஏதோ விளையாட்டுச் சாமான்னு நினைச்சுச் சிரிச்சிருக்கும். உனக்கு மார்புல கட்டி வந்ததும், மார்பையே எடுத்ததும் அதுங்களுக்கு எப்படித் தெரியும்?

— நானும்தான் சிரிச்சேன்.

— என்னது?

— ஆமாக்கா. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு கூடச் சேர்ந்து சிரிச்சேன். அதுதான் ஆறவே மாட்டேங்குது. அவங்க சிரிச்சது போகட்டும், என் உடம்பைப் பார்த்து நானே சிரிச்சுட்டேன்.

— அழறியா? தாழ்ப்பாளை எடு முதல்ல.

— அழலை. இங்க ஒரு கண்ணாடி இருக்கு.

— அந்தப் பக்கம் திரும்பிக்கோ. வீட்டுல துண்டு போட்டு மூடி வைப்பியே, அது மாதிரி மூடிடு.

— இல்ல, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நேராப் பார்க்கிறேன்.

— எப்படி... எப்படி இருக்கு?

— அக்குள்ல இருந்து நடு நெஞ்சு வரைக்கும் ஒரு கோடு. கொஞ்சம் கோணல். தொட்டா மரத்துப் போயிருக்கு. பாவம்க்கா இது.

— எது?

— இந்த இடம்தான். அத்தனை வலியையும் தாங்கிட்டு, சத்தமில்லாம ஆறிக் கிடக்கு. ஒரு நாள்கூட நான் அன்பாத் தொட்டதில்ல. குளிக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கிட்டு, யாரோட உடம்பையோ தேய்க்கிற மாதிரி தேய்ப்பேன். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அடிபட்டிருந்தா இப்படியா பண்ணுவோம்?

— மாட்டோம்டி.

— கொஞ்சம் தள்ளி நில்லு. கதவு அந்தப் பக்கமாத்தான் திறக்கும்.

— அட, வந்துட்டாளே என் ராசாத்தி! ஏய்... பஞ்சு எங்கே?

— உள்ள கொக்கியில மாட்டிட்டேன்.

— ஒரு பக்கம் தட்டையாத் தெரியுதேடி. எல்லாரும் பார்ப்பாங்க.

— பார்க்கட்டும். வர மாட்டேன்னவ நான். இவ்வளவு நேரம் கூப்பிட்டுட்டு, இப்ப நீ ஏன் பதறுறே?

— எனக்கென்ன பதற்றம்? ஊர்க் கண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல. அது உனக்குப் புதுசு.

— உன்னை என்ன பண்ணிச்சு அந்தக் கண்ணு? இந்தப் புழுக்கத்துல நீ மட்டும் முழுக்கை சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான்.

— எனக்குக் குளிரும்.

— வேர்த்து ஊத்துது உனக்கு.

— நான் உன்னைக் கூட்டிட்டு வந்தேனா, நீ என்னைக் கூட்டிட்டு வந்தியா?

— எனக்கு நீச்சல் கத்துக் குடுத்ததே நீதான். கரையிலயே நின்னு ‘காலை அடி, காலை அடி’ன்னு கத்துவே. ஒரு நாளும் நீ இறங்கினதில்ல. ஏன்னு கேக்க எனக்குத் தோணவும் இல்ல.

— சின்னதுல கொதிக்கிற எண்ணெய் கொட்டிடுச்சுன்னு தெரியும்ல? அப்புறம் என்ன கேள்வி?

— கொட்டினது தெரியும். ஒரே வீட்டுல வளர்ந்தும் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லையே.

— கட்டுப் பிரிச்ச அன்னைக்கே அம்மா நீளக் கை வச்சுச் சட்டை தைச்சுட்டாங்க. ‘மூடிக்கோ கண்ணு, பார்க்கிறவங்க முகம் சுளிப்பாங்க’ன்னு சொன்னாங்க. முதல்ல சுளிச்சது அவங்க முகம்தான்.

— பயந்திருப்பாங்கக்கா. உன்னை யாராவது நோகடிச்சிடுவாங்களோன்னு.

— அப்படித்தான் இருக்கும். அவங்களைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது? பழகிப் போச்சு. உன் மாமாகூட விளக்கை அணைச்ச பிறகுதான்... சரி, விடு.

— நான் பார்க்கட்டுமா?

— வேணாம்டி. அசிங்கமா இருக்கும்.

— நான் இப்படி வந்து நிக்கிறேனே, அசிங்கமாவா இருக்கேன்?

— சீ, வாயைக் கழுவு!

— அப்போ கையைக் குடு. நீ தண்ணியில எல்லாம் இறங்க வேணாம். பொத்தானை மட்டும் கழட்டறேன்.

— யாராச்சும் வர்றாங்களா பாரு.

— யாரும் வரல.

— மெதுவாடி. முழங்கை வரைக்கும் போதும்... பார்க்கப் பயமா இருக்கா?

— இல்லக்கா. தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. உன் கை மாதிரியேதான் இருக்கு.

— விசில் ஊதிட்டாங்க பாரு. போ, போய் இறங்கு.

— சரி, நீ பெஞ்சுல உக்காரு. நான் போறேன்.

— இரு... கையை எடுத்துடாதே.