இரண்டு வரி முன்னுரை

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்; சுவர்ப்பக்கம் சாய்ந்துகொண்டால் ஒன்றும் செய்யாது. குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பேசுவோம். உள்ளே மனைவி இப்போதுதான் கண் அயர்ந்தாள்.

வெளி இணைப்புகளைப் பகிர்வதில் ஒரு மரியாதை உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. வீட்டில் படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கான இணையக் குழு எங்களுடையது. இவள் படுத்த பிறகு நான் தொடங்கியது. ஆரம்பத்தில் சந்தைக்கடையாக இருந்தது. ஆளாளுக்கு ஒரு இணைப்பை வீசிவிட்டுப் போவார்கள். திறந்தால் ஏதாவது தைல விளம்பரம். அதை நம்பி ஒரு மகள் அப்பாவின் மாத்திரையையே நிறுத்திவிட்டாள்.

அதனால்தான் விதி வைத்தேன். இணைப்பு போடுகிறவர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அது என்ன, யாருக்குப் பயன்படும் என்று சொந்தமாக இரண்டு வரி எழுத வேண்டும். களைத்துப்போன மனிதர்களுக்கு நாம் காட்டுகிற சின்ன அன்பு அது. சின்ன அன்புகளில்தான் கடவுள் குடியிருக்கிறார் என்று நம்புகிறவன் நான். ஒரு பதிவை நீக்கினால்கூட மனம் நோகாமல் தனிச்செய்தியில் விளக்குவேன்.

லாரிக்காரர் என்றுதான் அவர் குழுவில் பெயர் வைத்திருந்தார். அம்மாவுக்காகச் சேர்ந்தவர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். அன்று காலை மொட்டையாக ஒரு இணைப்பைப் போட்டார். திறந்து படித்தேன். படிக்காமல் நான் எதையும் நீக்குவதில்லை. மூச்சுக்கருவி செய்கிற நிறுவனத்தின் அறிவிப்பு அது. குறிப்பிட்ட ஒரு வகைக் கருவி, மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும்போது சில சமயம் நின்றுவிடுகிறது, எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை, உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. நீக்கினேன். இரண்டு வரி எழுதி மறுபடி போடச் சொன்னேன்.

அவர் குரல்பதிவு அனுப்பினார். "அண்ணே, வண்டியில இருக்கேன், டைப் பண்ண முடியல. நீங்கதான் படிச்சிட்டீங்கல்ல, நீங்களே சொல்லிடுங்க."

விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். அவர் மறுபடி அதே மாதிரி போட்டார். மறுபடி நீக்கி, ஒரு வாரம் எழுத முடியாதபடி தடுத்தேன். அதற்கும் தனியாக ஒரு குரல்பதிவு வந்தது. "வீடு பத்தி எரியுதுன்னு சொல்ல ஓடி வந்தவன்கிட்ட, செருப்பைக் கழட்டிட்டு வான்னு சொல்றீங்களே அண்ணே." கோபத்தில் பேசுகிறவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

மத்தியானம் மாடித்தோட்டம் என்ற பெயரில் எழுதும் பெண் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கணவரின் மூச்சுக்கருவி, நான் சொல்லி அந்தப் பெண் வாங்கியது; எங்கள் வீட்டில் இருந்த அதே வகை. "செடியெல்லாம் வாடிக் கெடக்கு. இவரை விட்டுட்டுக் கொஞ்ச நேரம் மாடிக்குப் போகலாமா?" என்று எழுதியிருந்தார். யாரோ ஒருவர், "தைரியமா போங்கக்கா, ஏதாச்சும்னா மிஷின் கத்தும்" என்று பதில் போட்டார். கனிவான பதில். நான் அதற்கு ஒரு இதயக்குறி போட்டேன்.

அப்போது கையில் வேலை இருந்தது. கருவி விற்ற கடைக்காரர் வந்து எங்களுடையதை மாற்றிக்கொண்டிருந்தார். பழையதில் என்ன கோளாறு என்று அவர் சொன்னதை மனைவியும் கேட்டுவிட்டாள். முகமூடியை விலக்கி மெதுவாக, "அந்தப் பொண்ணு வீட்லயும் இதே மிஷின்தானே? சொல்லிட்டீங்களா?" என்றாள். முறைப்படி போய்ச் சேரும் என்றேன்.

சாயங்காலம் மின்சாரம் போனது. எங்கள் புதுக்கருவி ஒழுங்காக மணி அடித்தது. அந்த வீட்டில் அடிக்கவில்லை. அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கணவருக்கு மூச்சு இல்லை; கையில் தண்ணீர்க் குவளை இருந்ததாம்.

நீங்களே எழுதியிருக்கலாமே என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். எழுதினேன். மாடித்தோட்டத்தின் கேள்விக்குக் கீழேயே இரண்டு வரி எழுதினேன்; நன்றாகவும் வந்திருந்தது. பிறகு அழித்தேன். அதைப் போட்டால் காலையில் நான் நீக்கியது தப்பென்று ஆகியிருக்கும். இணைப்பை நீக்கியவன் நான், படித்தவனும் நான், பேசாமல் இருந்தவனும் நான். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். மனைவி அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறாள். உடம்பு அசதி.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தடை நீங்கியதும் லாரிக்காரர் மறுபடி அந்த இணைப்பைப் போட்டார். மேலே இப்படி எழுதியிருந்தார்: "வணக்கம். இது மூச்சு மிஷின் பழுது பத்தின அறிவிப்பு. மாடித்தோட்டம் அக்காவுக்குப் பயன்பட்டிருக்கும்."

வணக்கம் இருந்தது, இரண்டு வரியும் இருந்தது. நான் நீக்கவில்லை, நன்றி கூடச் சொன்னேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.