சிறந்த தொழிலாளிக்குக் கேசரி

— இந்தா பிரவீனா, கேசரி. நெய் தூக்கலாவே ஊத்திகிறேன். என் பையன் ஜோயலுக்கு ஒரகடம் கம்பெனில ‘சிறந்த தொழிலாளி’ன்னு ஷீல்டு குடுத்துகிறாங்க.

— சந்தோஷம் மேரிக்கா. உள்ள வாங்க.

— அடுப்புல கொழம்பு கீதும்மா. காண்ட்ராக்ட்டுலேர்ந்து பர்மனென்ட் ஆக்கிடுவாங்க போல. தண்டலம் வரைக்கும் பொண்ணு பாக்கச் சொல்லிட்டேன். ஆமா, உங்கப்பா நிலக்கரி சுரங்கத்துலேர்ந்து லீவுல வந்துகிறாராமே?

— ஆமாக்கா. லீவு.

— லீவுக்கு யாருன்னா கட்டிலு, பீரோல்லாம் ஏத்திகினு வருவாங்களா? நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. துணி காயப்போட சொல்லோ கண்ணுல பட்டுது.

— பழைய கட்டிலுக்கா.

— பகலெல்லாம் தூங்குறாரு. ராத்திரி பூரா மொட்டை மாடில நடக்குறாரு. நான் கேட்டனா? கேக்கல.

— நைட் ஷிப்டு பழக்கம்மா, அதான்.

— அட, அண்ணாவே வந்துட்டாரு! நான் பக்கத்து வூட்டு செல்வமேரி. லீவு எத்தினி நாளுண்ணா?

— லீவு இல்லம்மா. வேலை போயிடுச்சு.

— அப்பா!

— இதுல என்ன ஒளிவு, பிரவீனா? கரி ஏத்துற பெரிய லாரி ஓட்டினேன்மா. ஒரு லாரிக்கு மூணு ஷிப்டுக்கு மூணு பேரு, வார லீவுக்கு மாத்தாள் ஒருத்தன். இப்போ லாரி தானா ஓடுது. நாலு பேரும் வீட்டுல.

— ஆளே இல்லாமயா? அந்த சனியனுக்கு யாருண்ணா ஓட்டக் கத்துக் குடுத்தாங்க?

— நான்தான்.

— இன்னாண்ணா சொல்றீங்க?

— கேமராவ மாட்டி, என் கை எப்படித் திரும்புது, கால் எங்க மிதிக்குதுன்னு படம் புடிச்சாங்க. “உங்களப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்”னாங்க. மத்தவங்கன்னா மனுஷங்கன்னு நெனச்சிட்டேன். கடைசில ‘சிறந்த டிரைவர்’னு சால்வை போத்தி, கேசரி குடுத்தாங்க.

— இவ்ளோ வெகுளியாவா இருப்பாங்க? கேமராவ மாட்டுறாங்கன்னா எதுக்குன்னு கேக்க வேணாமா? எங்க ஜோயல்லாம் படு வெவரம்.

— ஜோயலுக்கு எதுக்குக்கா ஷீல்டு குடுத்தாங்க?

— அவன் போல்ட்டு முடுக்குற வேகத்தப் பாத்து மேனேஜரே அசந்துட்டாராம்! அதான் போன மாசத்துலேர்ந்து அவன் தொப்பில சின்னதா ஒரு...

— சின்னதா ஒரு?

— ...கேமரா.

— கேசரி நல்லா இருக்கும்மா. எனக்குக் குடுத்ததுல நெய் கம்மி.