எழுபத்தேழாம் இலக்கத்துக்கு அப்பால்

இந்த அறையில் நாற்காலிகளை மாற்றியிருக்கிறீர்கள், நல்லது. முன்பு இருந்தவற்றில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். நிர்வாகத்துக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை. ஓடுவதற்குத் தெம்பும் இல்லை.

விசாரணைக்கென்று வந்திருக்கிறீர்கள், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நான் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு நிரல் எழுதுகிறவன் வாழ்நாள் முழுக்க வரியைச் சுருக்கிச் சுருக்கியே அலுத்துப்போயிருப்பான். வாயையாவது நீட்டி விட வேண்டாமா.

என் தங்கையை நீங்கள் இப்போதைய நிலையில்தான் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் இரவு தலையணையில் முகம் புதைத்த பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. வளர்த்தவன் நான். தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும், அப்படியே போவாள், யாராவது சிரித்தால் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவாள்.

படித்து முடித்து இதே ஆய்வுக்கூடத்துக்குக் கணிதம் செய்ய வந்தாள். நான் ஏற்கெனவே கீழ்த்தளத்தில், கணினிப் பிரிவில் இருந்தேன். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். தன் டப்பாவைத் திறக்காமல் என் டப்பாவில்தான் கை வைப்பாள். "எங்க அண்ணன் எழுதின நிரல் இல்லேன்னா நான் வெறும் வாய்ச்சவடால்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். உண்மையும் அதுதான்.

அவள் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முடிவே இல்லாமல் நீளும் ஒரு கூட்டல் தொடர் இருந்தது. கூட்டக் கூட்ட அது ஓர் எண்ணை நெருங்கும். அந்த எண் இருநூறு இலக்கம் வரை துல்லியமாகக் கிடைத்துவிட்டால், தெரிந்த எண்களிலிருந்து அது எப்படிப் பிறந்தது என்று தேடிப் பிடிக்க வழி உண்டு. இலக்கங்கள் சரியென்றால் சூத்திரம் தானாக வந்து மடியில் விழும். நடுவில் தப்பிருந்தால் ஆயுசுக்கும் விழாது. தப்பு என்று ஓர் எச்சரிக்கையும் வராது, "எதுவும் கிடைக்கவில்லை" என்று மட்டும் வரும். அந்தச் சூத்திரம் கிடைத்தால் அவளை அழைத்துக்கொள்ள வெளியூரில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று காத்திருந்தது.

அந்தக் கணக்கு ஒரே மூச்சில் ஓடி முடிவதில்லை, மாதக்கணக்கில் ஓடும். அன்றன்றைக்குக் கிடைத்ததைச் சேமித்துவைத்து, மறுநாள் திரும்ப ஏற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சேமிப்பதும் திரும்ப ஏற்றுவதும் என் நிரலின் வேலை. அதில் இரண்டு வழி வைத்திருந்தேன். வேலை முடித்துக் கிளம்பும்போது செய்கிற வழக்கமான சேமிப்பு ஒன்று. திடீரென்று மின்சாரம் போனால், பேட்டரி சாவதற்குள் தானே அள்ளி முடிந்துகொள்கிற அவசரச் சேமிப்பு இன்னொன்று.

தப்பு அந்த அவசரச் சேமிப்பில் இருந்தது. முதன்முதலில் அதைச் சின்ன எண்களை வைத்துச் சோதித்தபோது, முதல் எழுபத்தேழு இலக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். சோதனை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். நிரல் எழுதுகிற யாருக்கும் நடப்பதுதான். எண்ணைத் திரும்ப ஏற்றும்போது மீதி இடம் பூஜ்யமாக வந்திருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். ஆனால் இயந்திரம் உள்ளே இரண்டின் கணக்கில் வைத்துக்கொண்டு நமக்காகப் பத்தின் கணக்குக்கு மாற்றிக் காட்டுகிறது. அந்த மாற்றத்தில், வெட்டுப்பட்ட வாலின் இடத்தில் ஏதேதோ இலக்கங்கள் வந்து உட்கார்ந்துவிடும். பார்த்தால் அசல் போலவே இருக்கும்.

ஒருநாள் மதியம் அவள் சாப்பிட உட்காராமல் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, இது நேத்து நான் பார்த்த எண் இல்ல."

"எந்த எண்?"

"என் எண்தான். முதல்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. போகப் போக வேற யாரோட எண்ணோ மாதிரி இருக்கு. நேத்து கரண்ட் போறதுக்கு முன்னாடி வாலைப் பார்த்தேன். பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு முகங்கள் நினைவிருப்பதுபோல அவளுக்கு இலக்கங்கள் நினைவிருக்கும். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் மாடியேறிப் போய் உட்கார்வதற்குள் அந்த வரி என் கண்ணில் பட்டுவிட்டது. திருத்தவேண்டியது ஒரே ஓர் எண். சொல்லிவிடத்தான் நானும் மாடியேறினேன், சத்தியமாக.

அவள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்தப் பெரிய ஆய்வுக்கூடத்துக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "முடிவு வந்ததும் மறுநாளே கிளம்பிடறேன். இங்க எனக்குன்னு யார் இருக்கா, கட்டிப்போட?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். அவள் பேசி முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே போனேன்.

"பார்த்துட்டேன். நிரல் சரியாத்தான் இருக்கு. நீ மாத்தி ஞாபகம் வச்சிருக்க."

"நானா?"

"பின்ன யாரு? ஒழுங்காத் தூங்கு முதல்ல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அட, எனக்கும் வயசாகுது போல" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு நான் எதுவுமே செய்யவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மின்சாரம் போகும், எண் வால் மாறி வரும், அவள் கீழே வருவாள், நான் தலையை ஆட்டுவேன். சூத்திரத்தைத் தேடுவாள், எதுவும் கிடைக்காது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நல்ல சமயம் பார்த்துத் திருத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நல்ல சமயம் வரவில்லை. அவள் சிரிப்பது குறைந்தது. எண்ணைக் கையால் எழுதிவைக்க ஆரம்பித்தாள். கையால் எழுதிய இருநூறு இலக்கத்தையும் இயந்திரம் காட்டும் இருநூறு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரை நம்புவார்கள், சொல்லுங்கள். நானே சொன்னேன், எழுதும்போது கண் தாண்டியிருக்கும் என்று.

ஆனால் அவள் மண்டை மண்டைதான். அவளே கண்டுபிடித்துவிட்டாள். நேராக ஆய்வுக்கூடத் தலைவர் அறைக்குப் போய், மின்சாரம் போகிற அன்றைக்கு மட்டும்தான் எண் மாறுகிறது என்று சொல்லியிருக்கிறாள். முழுக்க முழுக்கச் சரி. ஒரு நிரல்காரனிடம் சொல்லியிருந்தால் அரை நொடியில் புரிந்திருக்கும். தலைவர் எப்போதோ கணக்கை விட்டு நிர்வாகத்துக்குப் போனவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கரண்ட் போனா எண் மாறுதுன்னு சொல்லுது உங்க தங்கச்சி. எனக்குக் கவலையா இருக்குப்பா. வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"ரொம்ப நாளாவே சரியாத் தூங்கறதில்ல சார்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

ஒரு சோதனை வைத்துவிடலாம் என்று முடிவானது. அவள்தான் கேட்டாள். எல்லாருக்கும் முன்னால் மின்இணைப்பைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம், எண் மாறினால் நான் சொன்னது உண்மை, மாறாவிட்டால் இனி வாயே திறக்கமாட்டேன் என்றாள். நீங்கள் கேட்க வந்தது இந்த இடத்தைத்தான் என்று தெரியும். நிரல் எந்தெந்த நாளில் மாற்றப்பட்டது என்ற விவரம் உங்களிடம் இருக்கிறது. ஆம், அன்று காலை சீக்கிரம் வந்து அந்த வரியைத் திருத்தினேன்.

தலைவர் ஒரு பக்கம் நின்றார், அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிளக் என் கையில். பிடுங்கினேன், மறுபடி செருகினேன், எண்ணை ஏற்றினோம். கடைசி இலக்கம் வரை அப்படியே இருந்தது. இன்னொரு முறை கேட்டாள். செய்தேன். இன்னொரு முறை. அப்படியே இருந்தது. அவள் உதடு அசைந்து அசைந்து இலக்கங்களைச் சொல்லிக்கொண்டே வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"இப்ப திருப்தியாம்மா?" என்றார் தலைவர், அன்பாகத்தான்.

அவள் என் கைக்குப் பக்கத்தில் செருகியிருந்த பிளக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சரி அண்ணா. அப்ப நான்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டேன். தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பாசமான அண்ணன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாராம்.

அன்று மாலை அவர்கள் போன பிறகு பழைய வரியைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஏன் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். திருத்தியபடியே விட்டிருந்தால் அடுத்தடுத்து எண் மாறாமல் வரும். இத்தனை நாள் மாறியது ஏன், இப்போது மட்டும் மாறவில்லை ஏன் என்று மறுபடி நோண்ட ஆரம்பித்திருப்பாள். பாவம், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகும் எண் மாறியது. ஆனால் அவள் என்னிடம் வந்து சொல்லவில்லை. பார்ப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள், மறுபடி பார்ப்பாள். கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து போனாள். டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான்தான். சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதிலிருந்தே தனக்குத்தானே எண்களை முணுமுணுப்பாள் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மருத்துவமனையில் சில காலம் இருந்தாள். மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்தன. திரும்பி வந்தபோது முணுமுணுப்பு இல்லை, இலக்கங்களும் இல்லை. என் வீட்டு எண்ணையே சற்று யோசித்துத்தான் சொல்கிறாள். அந்தப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு, வர முடியாது என்று அவளுக்காக நானே சொல்லிவிட்டேன்.

என் மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள். "ஏங்க, அவ சொல்றதுல உண்மை ஏதாவது இருந்துட்டா?"

"நிரலைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அதோடு விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவளுக்கும் அலுப்பு இருக்கும்தானே, வீட்டில் ஓர் உடம்பு முடியாதவளை வைத்துக்கொண்டு.

நான் இங்கிருந்து விலகிய பிறகு என் இடத்துக்கு வந்த பையன் கெட்டிக்காரன். வந்ததும் பழைய நிரலைத் துருவி அந்த வரியைக் கண்டுபிடித்திருக்கிறான். திருத்திவிட்டு, அவளுடைய கணக்கை ஒழுங்காக ஓடவிட்டானாம். சூத்திரம் வந்து விழுந்துவிட்டது, ஒரே வரிதானாம். அவள் எதிர்பார்த்த வடிவத்திலேயே இருக்கிறதாம். சந்தோஷம். அவள் பெயரிலேயே வெளியிடுங்கள், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

செய்தேனா என்று கேட்டால், செய்தேன். தப்பு என்று தெரிந்தே விட்டேன், சோதனையன்று திருத்தினேன், மாலையில் திரும்பக் கெடுத்தேன், டாக்டரிடம் அப்படிப் பேசினேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிட்டுப் போகிறேன். எனக்கு அசதியாக இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். நாளைக்கு நேரில் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அவள் இப்போது வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. போன வாரம்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, அந்த எண் மாறவே இல்லதானே? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள். மாறவே இல்லை என்றேன். நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் நான் குளிச்சேனா அண்ணா என்று கேட்பாள், சாப்பிட்டேனா அண்ணா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறேன். தன்னை நம்புவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இப்போது நீங்கள் போய் என்னையும் நம்பாதே என்று சொல்லிவிட்டால், அவளுக்கென்று இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?