பாத்ரூம் கதவு

— சுண்டெலி, விளையாடினது போதும். தாழ்ப்பாளை நகர்த்து. அம்மாவுக்குக் குளிருது.

— நகர மாட்டேங்குதும்மா.

— போடத் தெரிஞ்ச கைக்கு எடுக்கத் தெரியாதா? ரெண்டு கையாலயும் பிடிச்சு இழு.

— இழுத்தேனே. கெட்டியா இருக்கு.

— சரி, சரி. தம்பி தூங்கறானா?

— முழிச்சுட்டான். கீழ உக்காந்து உன் செருப்பைக் கடிக்கிறான்.

— ஐயையோ, அடுப்புல பாலை வச்சுட்டு வந்தேனே! எட்டிப் பாரு. கிட்டப் போகாதே.

— பாலெல்லாம் பொங்கி வழிஞ்சிடுச்சும்மா. நெருப்பு அதுவாவே அணைஞ்சு போச்சு. நல்லதுதானே?

— அணைஞ்சு போச்சா? புஸ்ஸுன்னு சத்தம் வருதா?

— ஆமா. பாம்பு மாதிரி. நாத்தம் வேற.

— சுண்டெலி, அடுப்படிக்குப் போகக் கூடாது, புரியுதா? ஒண்ணையும் தொடக் கூடாது... அக்கா! அக்கா! தையல் மிஷினை நிறுத்துங்கக்கா! இங்க, பாத்ரூம் ஜன்னல்ல!

— யாரு, நீயா? என்னடி இது, குளிக்கப் போன இடத்துல கூப்பாடு?

— சுண்டெலி வெளிய தாழ்ப்பாளைப் போட்டுட்டாக்கா. திறக்கத் தெரியல. அடுப்பு அணைஞ்சு கேஸ் போய்க்கிட்டே இருக்கு. ரெண்டு பிள்ளைங்களும் அங்கதான் இருக்கு!

— அட கடவுளே! இரு, நீ குடுத்து வச்ச உங்க வீட்டுச் சாவி... கத்திரிக்கோல் டப்பாவுல போட்டேன்... ஊசியா வருது, சனியன்... இந்தா பாரு, கிடைச்சிடுச்சு. நான் கீழ இறங்கி உங்க படி ஏறணும். ரெண்டே நிமிஷம்.

— காலிங் பெல்லை அடிச்சிடாதீங்கக்கா! லைட் சுவிட்சையும் தொடாதீங்க!

— தெரியும்டி, நீ பதறாதே!

— சுண்டெலி, இப்ப அம்மா சொல்றதை அப்படியே செய்யணும். தம்பியைத் தூக்கிக்கிட்டு ஜன்னல்கிட்ட போ.

— அவன் கனமா இருக்கான்.

— கக்கத்துல கை குடுத்து இழுத்துக்கிட்டுப் போ. மழை பெய்யறப்போ கை நீட்டுவியே, அந்த ஜன்னல். நல்லாத் திறந்து விடு.

— ம்.

— போறியா? ... சுண்டெலி?

— ...

— போயிட்டியா? அம்மாகிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இரு. பாட்டுப் பாடு. சுண்டெலி! அடியே, அம்மா கூப்பிடறேன் இல்ல? கண்ணு, என் தங்கம், ஒரு வார்த்தை பேசு! இந்தப் பாழாப்போன கதவு...

— திறந்துட்டேம்மா! தம்பி என் முடியைப் பிடிச்சு இழுக்கறான்!

— இழுக்கட்டும், விடு. என் ராசாத்தி. அங்கேயே நில்லு. நகராதே.

— பெரியம்மா வந்துட்டாங்க! மிஷின் பெரியம்மா செருப்பு இல்லாம ஓடி வராங்க!

— அப்பப்பா, மூக்கைத் துளைக்குதே! இரு, இரு... மூடிட்டேன்டி! அடுப்பையும் மூடிட்டேன், சிலிண்டரையும் மூடிட்டேன். கதவு ஜன்னல் எல்லாத்தையும் விரியத் திறந்தாச்சு. உன் மகன் என் இடுப்புல இருக்கான்.

— நிஜமாத்தான் சொல்றீங்களா? ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?

— ரெண்டும் நல்லா இருக்கு.

— அப்பாடா! கதவைத் திறங்க. நாலு மணிக்கு வண்டி வந்துடும்.

— இதோ... ஏய், நீ ஏண்டி குறுக்க வந்து நிக்கற? நகரு.

— மாட்டேன்.

— இந்தா பாரு, இந்தத் தாழ்ப்பாளா நகரல? சுண்டு விரலால தள்ளினாலே போயிடும் போல இருக்கே.

— தெரியும்.

— தெரிஞ்சுமா அம்மாவை இப்படிக் கதற விட்டே?

— திறந்தா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க.

— ஆஸ்பத்திரியா? யாரு சொன்னது? அம்மா ஆபீஸ் வேலையா வெளியூர் போறா. நாலே நாள்ல...

— பொய். நேத்து நீங்க அம்மாவுக்கு முன்னாடி பட்டன் வச்ச நைட்டி தைக்க அளவெடுத்தீங்க இல்ல? நான் மிஷினுக்கு அடியிலதான் இருந்தேன். வயித்தைக் கிழிக்கப் போறாங்கன்னு அம்மா சொன்னாங்க. நான் திரும்பி வரலேன்னா இதுங்களுக்கு நீங்கதான் அம்மான்னு சொன்னாங்க. நீங்களும் சரின்னு தலையாட்டினீங்க.

— நான் சும்மா ஒரு பேச்சுக்குடி, தங்கம்...

— நீங்க நல்லவங்கதான் பெரியம்மா. ஆனா எனக்கு நீங்க வேண்டாம்.

— ...கேட்டியாடி? இந்தா பாரு, குழந்தை ஏதோ சொல்லுது, நீ மனசை விடாதே. உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில வந்து காத்துக்கிட்டு இருப்பாரு. நேரமாச்சு, நான் திறக்கறேன்.

— திறக்காதீங்கக்கா. ஒரு அஞ்சு நிமிஷம் அவ பூட்டினபடியே இருக்கட்டும். எனக்கும் போக பயமா இருக்கு.