தட்டிப் பார்த்த நிழல்மரம்

பொன்வண்டு கண்ணுக்கு அழகுதான். அதைப் பற்றி விசாரிக்கக் கல்லூரியிலிருந்து வடகவுஞ்சி வரை வந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வண்டாக இலையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. புழுவாக இருக்கும் காலத்தில்தான் மரத்துக்குள்ளேயே கிடந்து குடைந்து தள்ளிவிடும். வெளியே பட்டை நன்றாகவே இருக்கும். வண்டு வெளியேறிய துளைகள் மட்டும், சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு, அங்கங்கே தெரியும்.

நீங்கள் படம் எடுத்தீர்களே, அந்த மரத்திலிருந்துதான் என் மகன் செல்வமுருகன் விழுந்தான். உள்ளே குடைந்திருப்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும்.

காப்பித் தோட்டத்தில் மழைக்கு முன்னால் நிழல்மரங்களின் கிளைகளைக் கழிப்போம். ஏறுவதற்கு முன் அரிவாள் முதுகால் மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். டங்கென்று கேட்டால் ஏறலாம். பொத்தென்று கேட்டால் அந்த மரத்தை விட்டுவிடுவோம். ஏறுகிறவன் தானே தட்டுவதில்லை, பயத்தில் அவனுக்குக் காது சரியாகக் கேட்காது என்பார்கள். இருபது வருஷமாக இந்தத் தோட்டத்தில் தட்டுகிற ஆள் நான்தான்.

இதே தோட்டத்தில் மரம் ஏறிக்கொண்டிருந்த செல்வமுருகனுக்கு மலேசியாவில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அவன் அம்மா முருகேஸ்வரி இறந்துபோன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பெட்டி அடுக்குவதைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெற்றவன் அப்படிச் சொல்லக்கூடாது இல்லையா?

அன்று வெள்ளனே போய்த் தட்டினேன். பொத்தென்றது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை தட்டினேன்.

"ஏறலாமாப்பா?"

"ஏறுய்யா. வெரசா முடிச்சிட்டு எறங்கு, கஞ்சி ஆறிரும்."

கால் முறியும், மூன்று மாதம் வீட்டில் கிடப்பான், அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்றுதான் நினைத்தேன். கிளையோடு பாறைமேல் விழுவான் என்று நினைக்கவில்லை. "அப்பா, என் காலு இருக்கான்னு பாருங்கப்பா" என்றான். கால் இருந்தது, முதுகெலும்புதான் போய்விட்டது. மண்ணில் புரண்டு அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. இன்றைக்கும் அந்தக் குரல் காதில் விழுகிறது.

இப்போது குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அவனுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சோற்றை நானே ஊட்டிவிடுகிறேன். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்கிறான். அப்போதெல்லாம் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

நரம்பு முழுசாக அறுந்துபோகவில்லை, மதுரையில் ஆறு மாதம் வைத்துப் பயிற்சி கொடுத்தால் எழுந்து நடப்பான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவனிடம் நான் சொல்லவில்லை. இந்த மலைப்பாதையில் இத்தனை வளைவு இறங்கி அவ்வளவு தூரம் பிள்ளையை அலைக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை.