தண்ணீர் ஏறாத வீடு

மட்டாஞ்சேரியில் கடல் பொங்கும் நாட்களில் கால்வாய்த் தண்ணீர் ஏறாத வீடு எங்கள் காலனியில் என்னுடையது ஒன்றுதான், சார். என் அப்பா நாலு படி உயர்த்திக் கட்டினார். மற்ற வீடுகளில் கட்டிலுக்கு அடியில் மீன்குஞ்சு நீந்தும்போது என் வீட்டில் பாய்கூட நனையாது. அதனால் நனையக் கூடாததை எல்லாம் காலனிக்காரர்கள் என்னிடம் கொண்டுவந்து வைத்தார்கள். கொண்டு வா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் இருக்கும் அந்த இரும்புப் பெட்டி அப்படித்தான் நிறைந்தது. ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டை. வேலைக்கு நேர்காணல் என்று கூப்பிட்டு வந்த நாற்பத்தொரு கடிதங்களும் அதில்தான் இருந்தன. உரியவர்களிடம் கொடுக்காமல் ஏன் வைத்திருந்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். மிரட்ட வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. பெட்டியின் அடியில் மஞ்சள் நூல் சுற்றிய சின்னக் கட்டு ஒன்று இருக்கும், அது என் சொந்த விஷயம். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் பெயர் காளிமுத்து. நகரசபைத் துப்புரவுப் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரைக் கூட்டுவதற்காக எங்கள் ஆட்களைத் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள். குடியிருக்க இடம் கொடுத்தவர்கள் கதவு எண் கொடுக்கவில்லை. ஆகவே எங்கள் காலனியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ‘கேர் ஆஃப் காளிமுத்து மேஸ்திரி’ என்றுதான் வரும். தபால்காரர் என் படியேறி, எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டுப் போவார்.

பிள்ளைகள் பத்தாவது தேறினால் எக்ஸ்சேஞ்சில் பதிய வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அதுவரை காத்திருந்த வருடமெல்லாம் வீண். ஒவ்வொருவனும் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பதற்குப் பதிலாக நான் ஒருவனே எல்லா அட்டைகளையும் எடுத்துப்போய் நின்றேன். பதினெட்டு வருடம் நின்றேன். ஒரு அட்டைகூடக் காலாவதியானதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கொடுக்காதவன் அட்டையை எதற்குப் புதுப்பித்தான் என்று உங்கள் ரைட்டர் சிரிக்கிறார். அவருக்கு ஆளை வைத்து வேலை வாங்கிப் பழக்கமில்லை. இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவன் குடிக்காமல், சண்டை போடாமல், காலையில் துடைப்பத்தை எடுப்பான். அந்த நம்பிக்கையை நான்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தி வாங்கிவந்தேன்.

எனக்கு ஒரே மகன், அனூப். காலனியில் முதன்முதலில் எக்ஸ்சேஞ்ச் கடிதம் வந்தது அவனுக்குத்தான், 1988இல். நானே கையில் எடுத்துக் கொடுத்தேன். காலனி முழுக்க லட்டு கொடுத்தேன். காசர்கோட்டுப் பக்கம் கிளார்க்காகப் போனான். இரண்டு வருடத்தில் கூட வேலை பார்த்த ஷைலஜா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். எங்களை அழைக்கவில்லை. அப்பா என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, அப்பா இறந்துபோனார் என்று சொன்னானாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், சொன்னார்கள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. என் பெண்டாட்டி முனியாயி தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவாள். 1993இல் எழுந்து உட்கார முடியாமலே செத்துப்போனாள். வயிறு எரிகிறது, சார், இப்போதும் எரிகிறது.

பெற்ற பிள்ளையைக் கடிதம் கொண்டுபோகும் என்று எனக்குப் பட்டறிவில் தெரியும். தெரிந்த பிறகு அடுத்த வீட்டுக்காரிக்கு அதையே எடுத்துக் கொடுப்பதா?

1991இல் அம்பிளிக்கு ஒன்று வந்தது. நீலாம்பாளின் ஒரே மகள். இடுக்கியில் ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கு நேர்காணல். நீலாம்பாளுக்கு அப்போதே ஒரு கண் தெரியாது. இவளும் மலையேறிப் போய்விட்டால் யார் கஞ்சி ஊற்றுவது? நாளைக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். நேர்காணல் தேதி போய்விட்டது. தேதி போன கடிதத்தைக் கொடுத்து ஒரு பெண்ணை அழவைப்பானேன்? இன்றைக்கும் அம்பிளி வைட்டிலாவில் ரோடு கூட்டிவிட்டு வந்து அம்மாவுக்குச் சோறு போடுகிறாள். ஒரே பானைச் சோறு. போய்ப் பாருங்கள், உங்களுக்கே மனசு நிறையும்.

பிறகு வந்தவை எளிதாக இருந்தன. நான் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. ஒன்றும் நனையவில்லை, கரையான் அரிக்கவில்லை. மாரியம்மன் கொடைவிழாவுக்கு எங்கள் காலனியில் ஒரு வருடமும் ஆள் குறைந்ததில்லை. வேலை கிடைத்துப் போன மற்ற காலனிகளைப் பாருங்கள், பிணம் தூக்க நாலு பேர் இல்லை. மேஸ்திரிக்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்று சந்தனமாரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஆள் வேண்டித்தான் இருந்தது. அதனால் மற்றது பொய்யாகிவிடுமா?

சந்தனமாரி ராசப்பனின் மகள். ராசப்பனைப் பற்றி நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

அவனுக்கு 1994இல் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன் வேலைக்கு நேர்காணல் வந்தது. பெட்டிக்குப் போயிற்று. மூன்று வருடம் கழித்து, பஜார் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் கக்கூஸ் தொட்டி அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை. ஆள் அனுப்பு மேஸ்திரி என்றார்கள். தொட்டியின் வாய் சின்னது, ராசப்பன் ஒல்லி. கயிறு என் கையில் இருந்தது. இரண்டு முறை இழுத்துக் காட்டினான். மூன்றாவது முறை இழுக்கவில்லை. அவன் பெண்டாட்டி அங்கம்மாளைத் துப்புரவு வேலையில் சேர்த்துவிட்டது நான். ஏழு வயதுப் பிள்ளை சந்தனமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான். நீங்கள் கடிதத்தையும் தொட்டியையும் சேர்த்துப் பேசுகிறீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சு அது.

அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். கலூர் தாண்டி ஒரு எஞ்சினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே இந்த வருடம் ஹேக்கத்தான் என்று ஒன்று நடத்தினார்கள். எனக்கு அந்தச் சொல்லே அவள் வாயிலிருந்துதான் தெரியும். பிள்ளைகள் கூட்டுக்கூட்டாக உட்கார்ந்து, இரண்டு நாளில் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம். இளைஞர்கள் வேலையில் முன்னுக்கு வர நல்ல வழி கண்டுபிடிப்பது இந்த முறை தலைப்பு. ஒரு மாதத்துக்கு முன்பே தகவல் சேகரிக்க என் வீட்டுக்கு வந்தாள். கூட அவள் சிநேகிதி விஷ்ணுப்ரியா. சேர்லாய்ப் பக்கம் இருக்கும் பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண், என் வீட்டுச் சாயாவைத் தயங்காமல் குடித்தாள்.

“பெரியப்பா, நம்ம காலனில நாப்பத்தஞ்சு பேரு எக்ஸ்சேஞ்ச்ல பேரு பதிஞ்சிருக்காங்க. அனூப் அண்ணனுக்கு அப்புறம் ஒருத்தருக்குக்கூட இன்டர்வியூ லெட்டர் வரலையே, அதெப்படி?” என்றாள் சந்தனமாரி.

“நம்ம நேரம், மோளே,” என்றேன்.

“நேரம்னு எப்படி கம்ப்யூட்டர்ல போடறது?” என்று சிரித்தாள். பிறகு அவர்கள் செய்யப்போவதைச் சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் கடிதம் போடும் அதே நிமிஷம் ஆளின் மொபைலுக்குச் செய்தி போய்விடும். “நடுவுல யாரும் வேண்டாம், பெரியப்பா. போஸ்ட்மேன் வேண்டாம், கேர் ஆஃப் வேண்டாம்.”

நல்லது என்றேன். இன்னொரு சாயா ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த ஐயர் வீட்டுப் பெண்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறாள். அனூபுக்குப் பிறகு காலனி விலாசத்துக்கு எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் நேர்காணல் கடிதம் அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பதில் வந்தது எனக்குத் தெரியாது. சந்தனமாரி வந்து, பெரியப்பா நீங்கதான் எங்க கெஸ்ட், எங்க கார்டெல்லாம் காத்தவரு நீங்கதானே என்று கூப்பிட்டாள். இஸ்திரி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு அவளோடு பஸ்ஸில் போனேன். முன்வரிசையில் உட்காரவைத்து, தின்னப் பழம்பொரி தந்தார்கள். கூப்பிடும்போதே அவளுக்கு எல்லாம் தெரியும். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டையும் கொடுத்து, டிக்கெட்டும் அவளே எடுத்தாள்.

அவர்கள் முறை வந்தபோது திரையில் ஒரு பட்டியல் விழுந்தது. பெயர், தேதி, என்ன வேலை, விலாசம். நாற்பத்தொரு வரி. கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர். மேடையில் இருந்தபடியே அவள் மைக்கில் கேட்டாள். அவள் குரல் நடுங்கவில்லை. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“எங்கப்பன் பேரு பதினேழாவது வரில இருக்கு, பெரியப்பா. அந்த லெட்டர் எங்க?”

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். பொய் சொல்லியிருக்கலாம். தபாலில் தொலைந்தது என்றால் யார் மறுக்க முடியும்? “பெட்டில பத்திரமா இருக்கு, மோளே,” என்றேன்.

அவர்களுக்கு இரண்டாம் பரிசு. பயோடேட்டாவை அழகாக எழுதித் தரும் ஏதோ ஒன்றுக்கு முதல் பரிசு போயிற்று.

அன்று சாயங்காலம் அவளும் அங்கம்மாளும் என் படியேறி வந்தார்கள். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். கடிதங்களை வருட வரிசையில் அடுக்கியிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தனமாரி அப்பன் கடிதத்தை வாசித்தாள். ஜூன் பதினான்கு, காலை பத்து மணி, சான்றிதழ்களுடன் நேரில் வரவும். அங்கம்மாள் விரல் விட்டு எதையோ எண்ணினாள்.

“அது இவ அம்மை வாத்து கெடந்த வாரம்,” என்றாள். “அன்னிக்கு ஒரு நாள் லீவு கேட்டதுக்குக் குடுக்க மாட்டேன்னீங்க. பத்து மணிக்கு அவரு உங்ககூடத்தான் மார்க்கெட் ஓடை வாரிக்கிட்டு நின்னாரு. கொஞ்சங்கூட உறுத்தலையா, அண்ணே?”

உறுத்தவில்லை என்றேன். ஒழுங்காக வேலை செய்தான் என்று சொன்னேன். அவள் என் முகத்தில் துப்பினாள். நாற்பது வருடம் எல்லோர் எச்சிலையும் கூட்டியவன் நான், துடைத்துக்கொண்டேன். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

இதுதான் நடந்தது. நாற்பத்தொரு கடிதங்களையும் நான்தான் வைத்துக்கொண்டேன். யாரும் தூண்டவில்லை. வருத்தம் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் இல்லை என்று எழுதுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களிடமே விட்டுவைத்தேன். என் வீட்டில் நடந்தது வேறு வீட்டில் நடக்கவிடவில்லை. கோர்ட்டிலும் இதையே சொல்வேன்.

அந்த மஞ்சள் நூல் கட்டை ஏன் அவிழ்க்கிறீர்கள்? விட்டுவிடுங்கள் என்று முதலிலேயே சொன்னேனே.

ஆமாம், ஏழு கடிதம் இருக்கும். காசர்கோடு முத்திரைதான். அது அனூப் கையெழுத்துதான். முதல் மூன்றும் அவன் அம்மா பேருக்கு. அவள் அப்போது இருந்தாள், ஆமாம். பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். ஒரு வரிகூட வரவில்லை என்று முன்னால் சொன்னதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், வந்தது. தபால்காரர் கொடுத்ததை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்றைக்கும் இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

இல்லை, நான் பிரிக்கவில்லை. ஒட்டின பசை அப்படியே இருக்கிறது பாருங்கள். என்ன எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

வேண்டாம், சார், பிரிக்காதீர்கள், கத்தியைக் கீழே வையுங்கள். கேஸுக்கு நாற்பத்தொன்று போதும். இந்த ஏழில் அவன் எங்களை வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அந்த நாற்பத்தொன்றுக்கும் நான் என்ன காரணம் சொல்லுவேன்?