மண்டபத்து ராணியின் ரவிக்கை

கருத்தம்மாள்: ஏட்டி அங்காளு, மண்டபத்து மேக்கூரைய அண்ணாந்து பாத்தது போதும். கழுத்து சுளுக்கிக்கும். சித்திரத்துல அந்த ராணி மேலுக்குப் பூசியிருக்கது சந்தனந்தான்.

அங்காளம்மாள்: சந்தனமா? ரவிக்கைதான், நல்லாப் பாரு மதினி. கையில செவப்புக் கரை ஓடுதே… சந்தனத்துக்கு எவளாவது கரை வைப்பாளா?

கருத்தம்மாள்: அது தோள்ல போடுற வங்கி நகை.

அங்காளம்மாள்: வங்கிதான் அதுக்கு மேல தனியாத் தெரியுதே! நாயக்கர் காலத்துச் சித்திரக்காரன் கண்ணால பாக்காததையா எழுதியிருப்பான்?

கருத்தம்மாள்: அவன் என்னத்தையும் எழுதுவான். பக்கத்துல நிக்கிற ஆம்பளைக்கு எம்புட்டு ஒசரம் குல்லா, பாரு! அதுக்காக என் மகனும் அத மாட்டிக்கிட்டுத் திரியணுமா?

அங்காளம்மாள்: திரிஞ்சா பாக்க நல்லாத்தான் இருக்கும்… பேச்ச மாத்தாத மதினி. ஒம் மருமக ரத்தினம் வண்டிய விட்டு எறங்க மாட்டேங்கா. அந்தப் புது ரவிக்கைய மடியில வச்சு அழுதுக்கிட்டு இருக்கா.

கருத்தம்மாள்: அழட்டும். பெரட்டாசிச் சனிக்கெழம, ஊரே நம்ம மலைக்கோயில் பெருமாளப் பாக்க வருது. நம்ம வீட்டுல எவ தைச்ச துணி போட்டா? கூத்தாடிம்பாளுக.

அங்காளம்மாள்: போட விடலேன்னா இப்பிடியே ராசபாளையத்துக்கு, அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருவாளாம்.

கருத்தம்மாள்: போயிருவாளாமா?… எம் மகன் என்னடி செய்வான்?

அங்காளம்மாள்: அவந்தான ஆசையாத் துணியெடுத்து காதர் ராவுத்தர்ட்டத் தைக்கக் குடுத்தான். அதுக்குத்தான் நானும் வண்டிய இந்த மண்டபத்துல நிறுத்தச் சொன்னேன்.

கருத்தம்மாள்: ஓகோ! அப்ப இடுப்பு வலிக்குன்னது?

அங்காளம்மாள்: பொய்யிதான். நீ இந்த ராணியப் பாக்கணும்லா. நம்ம பூட்டன் பொறக்க முந்தியே போட்டிருக்கா. நெஞ்சுக்கு நடுவுல முடிச்சக்கூட விடாம எழுதியிருக்கான் பாரு.

கருத்தம்மாள்: முடிச்சா அது? அம்புட்டு எறக்கிப் போட்டா குனிய முடியாது. நல்லா மேல ஏத்தி இறுக்கி, நுனிய உள்ள செருகணும். இல்லேன்னா கையத் தூக்குன ஒடனே அவுந்துரும். இவனுக்கு என்ன தெரியும்…

அங்காளம்மாள்: மதினி…

கருத்தம்மாள்: என்ன?

அங்காளம்மாள்: ஒனக்கு எப்பிடித் தெரியும்? எங்கண்ணன் வாங்கிக் குடுத்துச்சா?

கருத்தம்மாள்: கண்டிச் சீமையில இருந்து வந்தப்ப கொண்டாந்தாக. சீட்டித் துணி ரவிக்கை… பொடிப் பொடியாப் பூவு. ஒங்க ஆத்தா காட்டுக்குப் போன பொறவு கதவச் சாத்திக்கிட்டுப் போட்டுக்குவேன். அவிய ஒண்ணும் பேசாம பாத்துக்கிட்டே இருப்பாக. என் ஆயுசுலயே நான் சந்தோசமா இருந்தது அப்பத்தாண்டி.

அங்காளம்மாள்: அடி ஆத்தீ! ஒரே வீட்டுல இருந்தும் எனக்குத் தெரியலையே… இப்ப எங்க அது?

கருத்தம்மாள்: ஒங்கண்ணனப் பாடையில வைக்கையில, தலைக்கு அடியில மடிச்சு வச்சு அவுகளோடயே அனுப்பிட்டேன். நான் போட்டத அவிய ஒருத்தர் பாத்ததோட சரி. நீ போ, போயி ரத்தினத்த அந்த ரவிக்கையப் போட்டுக்கிட்டு எறங்கி வரச் சொல்லு. அவளையாவது நாலு பேரு பாக்கட்டும்.